எண்ணூர் கடற்கரையில் இரவு வானத்தோடு பைக்கைப் படமெடுக்கும்போது வண்டிக்கு எப்படி வெளிச்சம் கொடுப்பது?

நட்சத்திரம் படத்தில் பதிகிறது, வண்டி மட்டும் கறுப்பாகிவிடுகிறது என்கிறீர்கள். ஃபிளாஷை விட்டுவிடுங்கள். டேங்கும் குரோமும் கண்ணாடி மாதிரி. கேமரா பக்கமிருந்து அடிக்கும் ஒளி வெள்ளைப் பொட்டாகத் திரும்பி வரும், மீதி வண்டி தட்டையாகத் தெரியும்.

டிரைபாட், எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் 10 நொடி, ஐஎஸ்ஓ 800 (கேமராவின் ஒளி உணர்திறன்) என்று தொடங்குங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது சின்ன எல்இடி டார்ச்சை வெள்ளை வேட்டித் துணியால் மூடி, வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று, டேங்கிலிருந்து பின்சக்கரம் வரை மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு மூன்று நொடி போதும். கை ஓரிடத்தில் நின்றால் அந்த இடம் வெளுத்துவிடும். டார்ச்சின் முகம் லென்ஸைப் பார்க்கவே கூடாது. கறுப்புச் சட்டையோடு நகர்ந்துகொண்டே இருந்தால் நீங்கள் படத்தில் பதிய மாட்டீர்கள். டயரை மறந்துவிடாதீர்கள், கறுப்பு ரப்பர் ஒளியை விழுங்கும், அதற்குத் தனியாக ஒரு நொடி கொடுங்கள்.

வடசென்னையில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் அடிவானத்தை மஞ்சளாக்கிவிடும். அதனால் கேமராவைக் கிழக்கே, கடலைப் பார்த்து வையுங்கள். பால்வீதிக்கு ஆசைப்பட வேண்டாம். டிசம்பர் கடைசியில் மேகமில்லாத இரவு 7 மணிக்கு ஓரியன் நட்சத்திரக் கூட்டம் அந்தப் பக்கம்தான் ஏறி நிற்கும். அதன் நட்சத்திரங்கள் இந்த வெளிச்சத்தையும் மீறித் தெரியும், எனக்கு அதுவே மிகப் பிடித்த பின்னணி.

உப்புக்காற்று லென்ஸில் படியும். ஒவ்வொரு ஐந்தாறு படத்துக்கும் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.