மாவு மில்லுக்கு எந்த பிரேக்கர்?

கேள்வி: திருமங்கலம் அருகே ஒரு கிராமத்தில் மாவு மில் நடத்துகிறேன். 10 எச்.பி. மோட்டாருக்கு 25 ஆம்பியர் எம்.சி.பி. (தானாக விழும் சிறிய பிரேக்கர்) போட்டிருக்கிறேன். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திய மாத்திரத்தில் பல நேரம் அது விழுந்துவிடுகிறது. 63 ஆம்பியராக மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன், அதைவிடப் பெரிய வகையான எம்.சி.சி.பி. பிரேக்கர் போட்டால்தான் நிற்கும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் எம்.சி.பி.யின் முகப்பைப் பாருங்கள். 25 என்ற எண்ணுக்கு முன்னால் பி, சி, டி ஆகிய ஆங்கில எழுத்துகளுள் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். உங்களுடையது பி வகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

எம்.சி.பி.க்குள் இரண்டு காவல்கள் உண்டு. லோடு அளவுக்கு மீறி நீடித்தால் சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும் உலோகப் பட்டை ஒன்று. ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துண்டிக்கும் காந்தச் சுருள் மற்றொன்று. முகப்பில் குறித்த ஆம்பியரைப்போல் பி வகையில் 3 முதல் 5 மடங்கிலும், சி வகையில் 5 முதல் 10 மடங்கிலும், டி வகையில் 10 முதல் 20 மடங்கிலும் இந்தச் சுருள் துண்டிக்கும். உங்கள் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 14 ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும், நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்தில் அதைப்போல் 6, 7 மடங்கு, அதாவது 85 முதல் 100 ஆம்பியர் வரை இழுக்கும். 25 ஆம்பியர் பி வகையோ 75 ஆம்பியரிலிருந்தே விழத் தொடங்கிவிடும். அதே 25 ஆம்பியரில் சி வகை 125 ஆம்பியர் வரை பொறுக்கும். அதுவும் எப்போதாவது விழுந்தால் டி வகைக்குப் போகலாம்.

63 ஆம்பியர் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். மோட்டாருக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி போயிருந்தால், குழாய்க்குள் அது தாங்குவது ஏறத்தாழ 30 ஆம்பியர். கம்பியின் உறை உருகிக் கருகும்வரை 63 ஆம்பியர் பிரேக்கர் அசையாமல் நிற்கும்.

கடைக்காரர் சொல்வது வேறு சங்கதி. ஷார்ட் ஆகும்போது பாயக்கூடிய மின்னோட்டத்தை உடையாமல் துண்டிக்கும் திறனைப் பொறுத்தே எம்.சி.சி.பி. தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் தெருமுனையில் இருப்பது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்று கொண்டால், அதன் முழு லோடு 133 ஆம்பியர், ஷார்ட் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் அதன் மின்தடுப்பு 4.5 விழுக்காடு என்பதால், அதன் முனையிலேயே ஷார்ட் ஆனாலும் பாய்வது சுமார் 3 கிலோ ஆம்பியர்தான். முகப்பில் கட்டத்துக்குள் 10000 (அதாவது 10 கிலோ ஆம்பியர்) என்று அச்சிட்ட எம்.சி.பி. அதற்குத் தாராளம். கப்பலூர் தொழிற்பேட்டையில் 500 கே.வி.ஏ. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவருக்கு அந்த ஷார்ட் மின்னோட்டம் 15 கிலோ ஆம்பியரை நெருங்கும். அவர் மெயின் பேனலில் 25 அல்லது 36 கிலோ ஆம்பியர் எம்.சி.சி.பி.யே வைக்க வேண்டும். ஏ.சி.பி. எனும் காற்று பிரேக்கர் பல நூறு ஆம்பியரைத் தாண்டிய பெரிய ஆலைகளின் சமாச்சாரம், உங்களுக்கு வேண்டாம்.

பட்டனை அழுத்தியதும் விழாமல் அரை மணி ஓடியபின் விழுகிறதென்றால், குற்றம் காந்தச் சுருளில் இல்லை, சூட்டில் இருக்கிறது. எம்.சி.பி.யின் ஆம்பியர் 30 டிகிரி வெப்பத்தில் அளந்து குறிக்கப்படுவது. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ், மாவுத் தூசி படிந்த இரும்புப் பெட்டிக்குள் 50 டிகிரி சாதாரணமாக ஏறும். அப்போது 25 ஆம்பியருக்குக் குறைவாகவே அது தாங்கும். கம்பி நுழையும் திருகு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். அந்த இடத்தில் உறை பழுப்பேறியிருக்கும், கவனியுங்கள்.

கடையில் 25 ஆம்பியர், சி வகை, ட்ரிபிள் போல் (மூன்று ஃபேஸையும் சேர்த்துத் துண்டிப்பது), 10 கிலோ ஆம்பியர் என்று நான்கையும் சொல்லிக் கேளுங்கள். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது எம்.சி.பி.யின் வேலை அன்று. அதற்கு மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும், அதையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.