டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் வழியில் நகோயாவில் இரண்டு நாள் தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். ஆனால் இன்னொரு கியோட்டோவைத் தேடி இறங்கினால் அரை நாளில் சலித்துவிடும். 1945 குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. இப்போது இருப்பது அகலமான சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும்தான். ஜப்பானியர்களிலேயே பலர் "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்தது வேறு காரணத்தால்: இது பொருள் செய்கிறவர்களின் ஊர். அந்தக் கண்ணோடு திட்டமிடுங்கள்.

முதல் நாள் காலை டொயோட்டாவின் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகம். நகோயா நிலையத்திலிருந்து மெய்டெட்சு என்ற தனியார் ரயிலில் அடுத்த நிறுத்தம் சாகோ, அங்கிருந்து கொஞ்ச நடை. கார் பிடிக்காதவர்களும் போகலாம், ஏனென்றால் ஒரு பெரிய கூடம் முழுக்கத் தறிகள். டொயோட்டாவின் வேரே தறிதான். சகிச்சி டொயோடாவின் 1924-ஆம் ஆண்டுத் தானியங்கித் தறியில் ஊடை நூல் (குறுக்கே ஓடும் நூல்) தீர்ந்தால் ஓட்டம் நிற்காமலே அந்த நூலைச் சுமந்தோடும் நாடா மாறும். பாவு நூல் (நெடுக்கே இருக்கும் நூல்) அறுந்தால் தறி தானே நின்றுவிடும். 1929-ல் பிரிட்டனின் நெசவு இயந்திர நிறுவனமான பிளாட் பிரதர்ஸ் அதன் காப்புரிமையை வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார். ஊழியர்கள் இயந்திரங்களை ஓட்டியே காட்டுவார்கள், அதனால் இரண்டு மணி நேரம் போதாது.

மதியம் கோட்டை. நடுக்கோபுரம் 1959-ல் கட்டிய கான்கிரீட். நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018 முதல் உள்ளே விடுவதில்லை. அதனால் ஏமாந்து திரும்பவேண்டாம். பக்கத்தில் ஹொன்மாரு அரண்மனையைப் பழைய படங்களையும் அளவு வரைபடங்களையும் வைத்து மரத்திலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். தச்சு வேலையைப் பார்க்கவே போகலாம்.

சாப்பாட்டுக்கு ஹிட்சுமபுஷி: சுட்ட விலாங்கு மீனும் சோறும். முதலில் அப்படியே, அப்புறம் வெங்காயத்தாளும் வாசாபி என்ற காரமான பச்சை விழுதும் சேர்த்து, கடைசியில் சாறு ஊற்றி. விலை கொஞ்சம் கடிக்கும். சைவக்காரர்களுக்குச் சிரமம்தான், நூடுல்ஸ் சாற்றில்கூட மீன் இருக்கும். காலையில் காபிக்கடையில் ஒரு காபி சொன்னால் பல கடைகளில் டோஸ்ட் இலவசமாக வரும்.

இரண்டாம் நாள் இனுயாமா. ரயிலில் சுமார் அரை மணி நேரம். அங்கே இருப்பது அசல் மரக்கோட்டை. படி செங்குத்து, மேலே ஏறினால் கிசோ ஆறு தெரியும். ரயில் பிரியர்கள் இதை விட்டுவிட்டுக் நகோயா துறைமுகப் பக்கம் கின்ஜோ ஃபுட்டோவில் உள்ள ரயில் அருங்காட்சியகம் போகலாம், அது செவ்வாய் விடுமுறை. டொயோட்டா அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். முதல் நாள் திங்களில் மாட்டினால் இனுயாமாவை அன்றைக்கு மாற்றிவிடுங்கள்.