கெய்கோ ஹிகாஷினோ: கொலையாளி யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டால் படிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: "ஹிகாஷினோவைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் 'ஆரம்பத்திலேயே கொலையாளி யாரென்று சொல்லிவிடுகிறார், எழுத்தும் சப்பென்று இருக்கிறது' என்கிறார்கள். யார் சொல்வது சரி? எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?"

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். கொலையாளி பெயரைத் தேடிப் படிப்பவர்களுக்கு இந்த ஜப்பானியத் துப்பறியும் நாவலாசிரியர் ஏமாற்றம்தான் தருவார். இவர் ஒளித்து வைப்பது பெயரை அல்ல, வாசகர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை.

'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (ஜப்பானியத்தில் 2005, ஆங்கிலத்தில் 2011) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். யாசுகோ தன் முன்னாள் கணவனைக் கொல்வது தொடக்கத்திலேயே நம் கண்முன் நடக்கிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி, அதை மறைக்கும் பொறுப்பை ஏற்கிறார். நாமும் 'போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்' என்று பார்த்துக்கொண்டே போகிறோம். கடைசியில், நாம் இவ்வளவு நேரம் வேறு கணக்குக்கு விடை தேடிக்கொண்டிருந்தோம் என்று தெரிகிறது. ஆசிரியர் இதை மறைக்கவும் இல்லை. இஷிகாமி தேர்வுத்தாள் தயாரிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, பார்த்தால் வடிவியல் கணக்கு போலத் தோன்றும், உண்மையில் அது சார்புக் (ஃபங்ஷன்) கணக்கு என்கிறார். நாவலின் பூட்டும் சாவியும் அந்த ஒரு வரிதான். முதல் அத்தியாயத்தில் அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போகும் பக்கங்களும் அப்படித்தான்: சுமிதா ஆற்றங்கரை, நீலப் பிளாஸ்டிக் விரிப்புக் கூடாரங்கள், காலி கேன்களை நசுக்கும் ஆள், பென்டோ (மதியச் சாப்பாட்டு டப்பா) கடை. வர்ணனைதானே என்று தாண்டிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் 'கடைசித் திருப்பம் திடீரென்று வந்தது' என்று குறைப்படுகிறவர்கள். இதற்கு மேல் சொன்னால் கதையைக் கெடுத்துவிடுவேன்.

இந்தச் சண்டை ஜப்பானிலேயே நடந்ததுதான். அங்கே துப்பறியும் கதைகளில் 'ஹொன்காக்கு' என்றொரு வகை உண்டு. துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயங்கள் எல்லாம் வாசகருக்கும் கிடைத்தாக வேண்டும், வாசகர் தானே யோசித்து விடைக்கு வர முடிய வேண்டும். இந்த நாவலில் துப்பறியும் இயற்பியல் பேராசிரியர் யுகாவா, தடயத்தை வைத்து நிரூபிப்பதைவிட நண்பன் இஷிகாமியின் மனதை ஊகித்துத்தான் விடைக்கு வருகிறார், ஆகவே இது ஹொன்காக்கு அல்ல என்று நிகாய்டோ ரெய்டோ என்ற எழுத்தாளர் கிளப்ப, விமர்சகர்கள் பலரும் அதில் இறங்கினார்கள். அதே நாவலுக்கு 2006இல் வெகுஜன இலக்கியத்துக்கான நவோகி பரிசும் கிடைத்தது, ஹொன்காக்கு மிஸ்டரி விருதும் கிடைத்தது! என்னைக் கேட்டால் நிகாய்டோவின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. விடையை ஊகிக்கப் போதுமான அளவு புத்தகத்தில் இருக்கிறது, நிரூபிக்கப் போதுமான அளவு இல்லை.

சப்பென்ற எழுத்து என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ஹிகாஷினோ மின்பொறியியல் படித்தவர். நிப்பான் டென்சோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதி, 1985இல் துப்பறியும் நாவலுக்கான எடோகாவா ராம்போ பரிசு வாங்கியவர். வாக்கியங்களும் சர்க்யூட் வரைபடம் போலத்தான் இருக்கும். உவமை குறைவு, உரையாடல் அதிகம். ஆங்கிலத்தில் படிக்கும்போது இன்னும் வெளிறித் தெரியும். ஜப்பானியத்தில் யார் யாரை எந்த மரியாதை விகுதியோடு கூப்பிடுகிறார் என்பதிலேயே உறவின் தூரம் தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் அதில் பாதி காணாமல் போகிறது. 'நீங்க' 'நீ' வித்தியாசத்தில் வளர்ந்த நமக்கு அந்த இழப்பு புரியும்.

ஆனால் அந்தச் சப்பையையே ஆயுதமாக்கிய புத்தகம் ஒன்று இருக்கிறது: 'மாலிஸ்' (1996, ஆங்கிலத்தில் 2014). புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹிடாகா, வான்கூவருக்குக் குடிபெயரப் போகும் சமயத்தில் கொல்லப்படுகிறார். குழந்தைகள் கதை எழுதும் நண்பர் நோனோகுச்சி தன் குறிப்புகளை எழுதுகிறார். அடுத்து துப்பறியும் காகாவின் பதிவு. இப்படி மாறி மாறிப் போகிறது. கொலையாளி பாதிக்கு முன்பே பிடிபட்டு ஒப்புக்கொண்டும் விடுகிறார். மீதிப் புத்தகம் முழுக்க ஒரே கேள்வி: ஏன்? தொடக்கத்தில் ஒரு பூனை விவகாரம் வரும். படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களுக்குத் திரும்பிப் போய், ஹிடாகாவைப் பற்றி உங்களுக்கு ஏன் அந்த அபிப்பிராயம் வந்தது, அதை உங்கள் மனதில் விதைத்தது யார் என்று பாருங்கள். அலங்காரமில்லாத எழுத்தை நாம் எவ்வளவு சுலபமாக உண்மை என்று நம்பிவிடுகிறோம் என்பதுதான் அங்கே பொறி.

'சால்வேஷன் ஆஃப் எ செயின்ட்' (2008) வாசகர்களை அதிகம் பிரிப்பது. கணவன் டோக்கியோவில் விஷம் கலந்த காபி குடித்துச் சாகிறான், மனைவி அப்போது ஹொக்கைடோவில் இருக்கிறாள். அவள்தான் செய்தாள் என்பது நமக்குத் தெரியும், எப்படி என்பதுதான் புதிர். விடை பொருந்துகிறது, ஆனால் நிஜத்தில் ஒருவர் இதைச் செய்வாரா என்ற சந்தேகம் போகாது. யுகாவாவே அதைக் கற்பனை எண் போன்ற தீர்வு என்கிறார், கோட்பாட்டில் உண்டு, நடைமுறையில் இல்லை. இடையில் ஒரு குறும்பும் உண்டு. பெண் துப்பறிபவர் உட்சுமி ஐபாடில் ஃபுகுயாமா மசாஹாருவின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார். தொலைக்காட்சித் தொடரில் யுகாவாவாக நடித்தவர் அவர்தான்.

'ஜர்னி அண்டர் தி மிட்நைட் சன்' (1999) தடிமனான புத்தகம். 1973இல் ஒசாகாவில் ஒரு அடகுக்கடைக்காரர் கொல்லப்படுவதில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் ஓடுகிறது. மையத்தில் இருக்கும் இருவரின் மனதுக்குள் ஆசிரியர் ஒரு தடவைகூட நுழைவதில்லை. எல்லாம் சுற்றி இருப்பவர்கள் பார்த்ததுதான். பாதியில் கைவிடுகிறவர்கள் அதிகம், காரணம் பெயர்கள். அத்தியாயம்தோறும் புது ஆட்கள் வருவார்கள், ஐம்பது பக்கம் காணாமல் போனவர் குடும்பப்பெயரோடு மட்டும் திரும்பி வருவார். ஒரு தாளில் பெயர், வேலை, எந்த வருடம் என்று மூன்றே விஷயம் குறித்துக்கொண்டால் போதும். சட்டத்தில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய ஜப்பானில் கொலைக் குற்றத்துக்கே 15 வருடக் காலவரம்பு இருந்தது, அதற்குள் வழக்குத் தொடராவிட்டால் அவ்வளவுதான். அது முற்றிலும் நீக்கப்பட்டது 2010இல். நம் நாட்டில் கொலைக்கு அப்படி வரம்பு கிடையாது என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் துரத்தும் போலீஸ்காரர் சசாகாகியின் பிடிவாதத்துக்கு உள்ள கனம் நம் வாசகர்களில் பலருக்குப் பிடிபடுவதில்லை.

ரத்தம், பதற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு 'நியூகமர்' (2009). டோக்கியோவின் நிங்யோச்சோ பகுதியில் 'மாலிஸ்' நாவலில் வந்த அதே காகா, அரிசி அப்பளக் கடை, பீங்கான் கடை, கடிகாரக் கடை என்று ஏறி இறங்குகிறார். மொத்தம் ஒன்பது அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் சின்னப் பொய் அவிழ்கிறது. கொலை வழக்கு பின்னணியில் ஊறிக்கொண்டிருக்கும். 'மிராக்கிள்ஸ் ஆஃப் தி நமியா ஜெனரல் ஸ்டோர்' துப்பறியும் கதையே அல்ல. அதில் கொலையைத் தேடி ஏமாந்து ஒற்றை நட்சத்திரம் போடுவது ஆசிரியர் மீது அநியாயம்.

நியாயமான குறைகளும் உண்டு. பெண் பாத்திரங்கள் பல சமயம் ஆண்களின் பக்தி அல்லது பழிக்கான காரணமாகவே நின்றுவிடுகிறார்கள், யாசுகோவும் அப்படித்தான். யுகாவா சில நாவல்களில் பாதிக்கு மேல் வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போகிறார். ஆங்கில வரிசையும் குழப்பம். யுகாவா வரிசையில் 'சஸ்பெக்ட் எக்ஸ்' மூன்றாவது, அதற்கு முந்தைய இரண்டும் சிறுகதைத் தொகுப்புகள். காகா வரிசையில் நான்காவதான 'மாலிஸ்' வந்த பிறகு நேராக எட்டாவதான 'நியூகமர்' வந்தது. காகாவின் அப்பாவோடு ஏதோ மனத்தாங்கல் என்பது போன்ற இடங்கள் தொங்கலாக நிற்பது அதனால்தான். அவர் குடும்பக் கதைக்கு விடை 'தி ஃபைனல் கர்ட்டன்' நாவலில் வருகிறது, அதை நடுவில் எடுக்காதீர்கள்.

எதில் தொடங்குவது என்றால், 2023இல் வந்த 'ஜானே ஜான்' இந்திப் படத்தைப் பார்த்திருந்தால் 'சஸ்பெக்ட் எக்ஸ்' பாதி போய்விட்டது என்று அர்த்தம், அது இந்த நாவலின் தழுவல். அப்படியானால் 'மாலிஸ்' எடுங்கள். பார்க்கவில்லை என்றால் 'சஸ்பெக்ட் எக்ஸ்', பின் அட்டையைக்கூடப் படிக்காமல். பிறகு 'மாலிஸ்', 'நியூகமர்'. மூன்றும் பிடித்திருந்தால் மட்டும், கையில் ஒரு பென்சிலோடு 'மிட்நைட் சன்'.