ரொறன்ரோவில் வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரொறன்ரோ மாநகரசபையில் 28 நாளுக்குக் குறைவாக வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுவோர் பதிவு செய்யவேண்டும் என்பது 2020 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்) பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணை, நாங்கள் மேலே இருக்கிறோம். பேஸ்மென்ட்டுக்குத் தனி வாசல், தனிக் குசினி, பாத்ரூம் எல்லாம் உண்டு. ரெனன்ட் (வாடகைக்கு இருந்தவர்) போனபிறகு சும்மா கிடக்கிறது. எயார்பிஎன்பி என்ற நாள்வாடகை இணையத்தளத்தில் போடலாமா?

பதில்: போட முடியாது தங்கச்சி. நீங்கள் குடியிருக்கும் வீட்டை மட்டும்தான் நாள் வாடகைக்கு விடலாம். தனிக் குசினியோடு இருக்கும் பேஸ்மென்ட் சிற்றியின், அதாவது மாநகரசபையின், கணக்கில் இன்னொரு வீடு; நீங்கள் படுத்தெழும்புவது மேலே. "முழு வீடும் என் பேரில்தானே, வரியும் நான்தானே கட்டுகிறேன்" என்று பலர் சண்டைக்கு வருவார்கள். வீடு யாருடையது என்று சிற்றி பார்ப்பதில்லை, யார் அங்கே குடியிருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த பேஸ்மென்ட்டில் ரெனன்ட் ஒருவர் குடியிருந்தால் அவர் தன் பெயரில் பதிவு செய்யலாம், வீட்டுக்காரரான உங்களால் முடியாது!

ஆட்கள் மாதக்கணக்கில் குடியிருக்கவேண்டிய இடங்கள் உல்லாசப் பயணிகளின் அறைகளாக மாறிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். எதிர்த்தவர்கள் மேன்முறையீட்டுக்குப் போனார்கள். 2019 நவம்பரில் திட்டமிடல் மேன்முறையீடுகளை விசாரிக்கும் மாகாணத் தீர்ப்பாயம் மாநகரசபையின் பக்கமே நின்றது. மேலும் கீழுமாக ஒரே கூரையின் கீழ் இருக்கும் சின்னக் குடும்ப வீட்டையும், டவுன்ரவுனில் பத்துக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) வைத்திருப்பவரையும் ஒரே கயிற்றால் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

பேஸ்மென்ட்டில் வெறும் அறை மட்டும் இருந்து, சமையல் மேலே உங்களோடுதான் என்றால் கதை வேறு. குடியிருக்கும் வீட்டில் மூன்று அறைகள் வரை வருடம் முழுக்க விடலாம். கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ வரும் சொந்தங்கள் காசில்லாமல் தங்குவது இந்த விதிகளுக்குள் வராது, பயப்படவேண்டாம்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். முழுவீட்டையும் விடலாமா?

பதில்: தாராளமாக. முழுவீடாக விடுவதற்கு வருடத்துக்கு 180 இரவு வரை இடமுண்டு. விளம்பரம் போடுவதற்கு முன்பே பதிவு முடிந்திருக்கவேண்டும். ஒன்ராறியோ சாரதி அனுமதிப்பத்திரத்திலோ புகைப்பட அட்டையிலோ அந்த வீட்டு முகவரியே இருக்கவேண்டும். வீடு மாறி வருடக்கணக்காகியும் பழைய முகவரியோடு திரிகிற ஆட்கள் இங்கேதான் மாட்டுப்படுவார்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் நிற்கும்போது நடு இரவில் இங்கே தண்ணீர்க் குழாய் வெடித்தால் யார் ஓடிவருவார்? இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கக்கூடிய ஒருவரின் இலக்கத்தை விருந்தினருக்குக் கொடுக்கவேண்டும். பக்கத்தில் இருக்கும் மச்சானைக் கேட்டுவைத்துக் கொள்ளுங்கள். வெளியேறும் வழிகளைக் காட்டும் படமும், 911 என்ற அவசர உதவி இலக்கம் பற்றிய குறிப்பும் வீட்டில் இருக்கவேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு வரும்?

பதில்: ஆரம்பத்தில் ஐம்பது டொலராக இருந்த வருடப் பதிவுக் கட்டணம் 2025 தொடக்கத்தில் 375 டொலராகிவிட்டது. இரண்டு வார இறுதிக்காக மட்டும் விட நினைப்பவருக்கு இது கட்டுபடியாகாது. அப்புறம் தங்குமிட வரி: 6 வீதம். உலகக்கிண்ண உதைபந்தாட்டப் போட்டியைக் காரணம் காட்டி 2025 ஜூன் முதல் 2026 ஜூலை முடிவு வரைக்கும் 8.5 வீதமாக்கினார்கள். எயார்பிஎன்பி இதை விருந்தினரிடமே வாங்கிக் கட்டிவிடும். தெரிந்தவர் மூலம் நேரடியாக ஆள் பிடித்தால் வாங்கிக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பதியாமல் விட்டால் சிற்றிக்குத் தெரியவா போகிறது?

பதில்: விளம்பரத்தில் பதிவெண் கட்டாயம். அது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சிற்றியின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தாலே போதும். அதைவிடப் பெரிய அடி வருமான வரியில் விழும். விதிகளுக்கு அமைய நடக்காத இடங்களுக்கு, 2024 ஜனவரி முதல் மத்திய அரசு செலவுக் கழிவு கொடுப்பதில்லை. மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) வட்டி, ஹைட்ரோ (மின்கட்டணம்) எதையும் கழிக்காமல் வந்த வாடகை முழுவதுக்கும் வரி கட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் கொண்டோவில் நான்தான் குடியிருக்கிறேன். பதிவெண்ணும் கிடைத்துவிட்டது. நிர்வாகம் விடமாட்டோம் என்கிறதே?

பதில்: உங்கள் கட்டடத்தின் சொந்த விதிகள் எழுதிய ஆவணத்தில் தடை இருந்தால் சிற்றியின் பதிவு அதை வெல்லாது. முதலில் அந்த ஆவணத்தை எடுத்து வாசியுங்கள்.

கேள்வி: 28 நாளோ அதற்கு மேலோ விட்டால் தப்பலாம்தானே?

பதில்: இந்த விதிகளிலிருந்து தப்பலாம் தம்பி. ஆனால் வந்தவர் ஒன்ராறியோவின் குடியிருப்போர் சட்டத்துக்குள் ரெனன்ட் ஆகிவிடக்கூடும். பிறகு அவர் எழும்பமாட்டேன் என்றால் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க முடியாது, வீட்டுக்காரர், ரெனன்ட் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குத்தான் போகவேண்டும். கையெழுத்துப் போட முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கேள்வி (மார்க்கம்): இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: இல்லை. மார்க்கம், பிரம்டன், மிசிசாகா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. உங்கள் மாநகரசபையையே கேளுங்கள்.