அம்மா கொடுத்த தட்டம்மை எதிர்ப்பு எத்தனை மாதம் தாங்கும்? குழந்தைநல மருத்துவர் பதில்கள்

தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் தட்டம்மை எதிர்ப்புச் சக்தி பற்றி இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டாக்டர், எனக்கு ஐந்து வயதில் தட்டம்மை வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த எதிர்ப்பு என்னிடம் இருக்குமா? என் மகளுக்கு அது எப்படிப் போயிருக்கும்? (இரண்டு மாதக் குழந்தையின் அம்மா, ஈரோடு)

இருக்கும். 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி ஊரே படுத்தபோது, பானும் என்ற டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 1781-ல் அதே நோய் வந்து பிழைத்த முதியவர்கள் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. நடுவில் 65 ஆண்டுகள் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை.

உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளில் (கிருமியை எதிர்க்கும் புரதங்களில்) ஐஜிஜி என்ற வகை மட்டும்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதுவும் தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியின் செல்களில் இதற்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது. அது ஐஜிஜியைப் பிடித்து, வழியில் சிதைந்துவிடாமல் காப்பாற்றி, குழந்தையின் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. நான்காம் மாதவாக்கில் மெதுவாகத் தொடங்குகிற இந்த வேலை கடைசி சில வாரங்களில்தான் வேகம் பிடிக்கும். ஏழெட்டு மாதக் கருவிடம் தாயின் அளவில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் பல சமயம் தாயைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஆனால் அம்மா கொடுப்பது சமைத்த சோறு, சமைக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. குழந்தையின் உடல் அந்த ஆன்டிபாடியைத் தானே தயாரிக்காது. வாங்கியது ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.

எனக்கு நோய் வந்ததில்லை, தடுப்பூசிதான் போட்டிருக்கிறார்கள். என் குழந்தைக்குக் குறைவாகக் கிடைக்குமா? (மதுரை)

ஆம், பொதுவாகக் குறைவுதான். நோய் வந்தவரைவிடத் தடுப்பூசி போட்டவரின் ஆன்டிபாடி அளவு குறைவு. உங்களைக் காக்க அது போதும்; ஆனால் குழந்தைக்குப் போகும் பங்கும் சிறியதாகிவிடுகிறது. பெல்ஜியத்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் வந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு நடுமதிப்பாக நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், தடுப்பூசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஒரு மாதமளவும்தான் அது தாங்கியது. ஆறாவது மாதத்தில் இரு தரப்பிலும் அநேகமாக எல்லாக் குழந்தைகளிடமும் தீர்ந்துவிட்டது.

நம் நாட்டில் 1985 முதல் தட்டம்மை ஊசி தேசியத் திட்டத்தில் இருக்கிறது. இன்று பிள்ளை பெறுகிறவர்களில் பலர் ஊசி போட்டு வளர்ந்த தலைமுறை. அதனால் "ஒன்பது மாதம் வரை அம்மாவின் சக்தி காப்பாற்றும்" என்ற பழைய பேச்சை நம்பி இருக்காதீர்கள். இதைப் படித்துவிட்டு, ஊசிக்குப் பதிலாக நோயே வந்திருக்கலாம் என்று யாரும் நினைக்கவும் வேண்டாம். நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

சீம்பாலும் தாய்ப்பாலும் கொடுத்தால் அம்மை அண்டாது என்கிறார் மாமியார். (திருவாரூர்)

வீட்டில் மாடு வைத்திருந்தவர்கள் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கன்றுக்குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பு வருவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலைக் குடல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்தால்தான் கன்று பிழைக்கும். மனிதக் குழந்தைக்கு அந்தச் சரக்கு வயிற்றுக்குள் இருக்கும்போதே வந்துவிடுகிறது. தாய்ப்பாலில் முக்கியமாக இருப்பது ஐஜிஏ என்ற வேறு வகை ஆன்டிபாடி. அது குடலிலும் தொண்டையிலும் நின்று காவல் காக்கும், ரத்தத்துக்குப் போகாது. வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் அது பெரிய பாதுகாப்பு, கட்டாயம் கொடுங்கள். தட்டம்மையைத் தடுக்க அதை நம்ப முடியாது.

சிசேரியன் என்றால் குறையுமா? (கோவை)

எந்த வழியில் பிறந்தது என்பது பெரிய விஷயமில்லை, எந்த வாரத்தில் பிறந்தது என்பதுதான் கணக்கு. மருத்துவக் காரணத்துக்காக முன்கூட்டியே எடுத்தால் அது வேறு. நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து 37-வது வாரத்திலேயே அறுவை செய்யச் சொல்லிக் கேட்கிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. குழந்தைக்கு ஆன்டிபாடி அதிகமாகப் போகிற வாரங்களை வெட்டிவிடுகிறோம்.

குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஊசிக்கு வயது பார்க்கும்போது பிறந்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனை வாரம் தள்ளிப்போட வேண்டாம்.

அப்பாவிடமிருந்து எதுவும் வராதா? (சேலம்)

வராது தம்பி. நீங்கள் ஊசி போட்டிருந்தால் உங்கள் வழியாக நோய் அநேகமாக வீட்டுக்குள் வராது. அது பெரிய உதவிதான்.

ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றால் ஊசியை ஏன் ஒன்பது மாதத்தில் போடுகிறார்கள்? (சென்னை)

நல்ல கேள்வி. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் கொண்ட ஊசி. உடலுக்குள் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு உண்டாகும். அம்மாவின் ஆன்டிபாடி மிச்சம் இருந்தால் அதையும் எதிரியாகப் பார்த்து முடக்கிவிடும். குழந்தையின் சொந்த எதிர்ப்பு மண்டலமும் அந்த வயதில் முதிர்ந்திருக்காது. ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கும், ஒரு வயதில் போட்டால் 95 சதவீதம் வரை. அதற்காக ஒரு வயது வரை காத்திருந்தால், நோய் நடமாடும் நாட்டில் அதற்குள் குழந்தைக்கே வந்துவிடலாம். ஒன்பது மாதம் என்பது இரண்டுக்கும் நடுவில் எடுத்த முடிவு. விட்டுப்போனவர்களைப் பிடிக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் ஊசி.

நோய் தீவிரமாகப் பரவினால் கணக்கு மாறும். 2022-ல் மும்பையில் பரவியபோது, பாதிப்பு அதிகமான பகுதிகளில் ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கே கூடுதலாக ஓர் ஊசி போட மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. அது கணக்கில் சேராது. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் வழக்கம்போலப் போட வேண்டும்.

ஐந்து மாதக் கர்ப்பம். ஊசி போட்டேனா என்று தெரியாது. இப்போது போடலாமா? (யாழ்ப்பாணம்)

இப்போது வேண்டாம் தங்கச்சி. உயிருள்ள வைரஸ் ஊசியைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. பிள்ளை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், பால் கொடுக்கத் தடையில்லை. இனிமேல் கர்ப்பமாகத் திட்டமிடுகிறவர்கள் ஊசி போட்டு ஒரு மாதம் இடைவெளி விடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை. நேற்று முழுக்க என் நான்கு மாதக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தான். அம்மன் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்கிறார்கள். (விழுப்புரம்)

இன்றே போங்கள். நோயாளியோடு பழகிய ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற, தயார் ஆன்டிபாடி கொண்ட ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும். உங்கள் ஆன்டிபாடி குழந்தையிடம் எவ்வளவு மிச்சம் என்பது பார்த்தால் தெரியாது, அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். உள்ளே போகும் முன்பே விஷயத்தைச் சொல்லி, மற்றக் குழந்தைகளிடமிருந்து தள்ளி உட்காருங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி நிற்கும்.

அந்தப் பையன் வீட்டிலும் சொல்லுங்கள். வேப்பிலை வைக்கட்டும், வேண்டுதலும் செய்யட்டும், அதோடு மருத்துவரிடம் காட்டி வைட்டமின் ஏ வாங்கிக் கொடுக்கட்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரண்டு லட்சம் யூனிட், அடுத்தடுத்து இரண்டு நாள்.

குழந்தைக்கு எட்டரை மாதம். குலதெய்வம் கோவிலில் மொட்டை, காதுகுத்து. இருநூறு பேர் வருவார்கள். போகலாமா? (திண்டுக்கல்)

உங்கள் ஊரிலோ கோவில் ஊரிலோ தட்டம்மை இருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். இருந்தால் விழாவைத் தள்ளிவையுங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் வருகிற முதல் புதன்கிழமை எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி போட்டு, இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். மாமா மடியில்தான் உட்காரப்போகிறது என்றால், அவர் வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் இரண்டாம் ஊசி பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.