வண்டியில காத்து புடுங்குறாங்க, காருல கோடு போடுறாங்க, பக்கத்து வீட்டுப் பசங்கனு சந்தேகம், என்ன பண்றது?

முதல்ல ஒண்ணு, சந்தேகத்தை வச்சு எந்தப் பையன் பேரையும் வாயில எடுக்காதீங்க, தெருவுல யார்கிட்டயும். பசங்க வேலைதானான்னு பாருங்க. வால்வு மூடி காணாம காத்து மொத்தமா இறங்கி இருந்தா யாரோ கை வச்சிருக்காங்க, மூடி அப்படியே இருந்து காலைல பாதி காத்து இருந்தா அது மெதுவா இறங்குற பஞ்சரா இருக்கலாம், வால்வே லீக்கா இருக்கலாம், பஞ்சர் கடையில எச்சி தொட்டு வச்சே சொல்லிடுவாங்க. பெட்ரோல் டியூப், ஒயர் கடிபட்டிருந்தா எலி. கோடு பெரும்பாலும் மனுஷன் வேலைதான், நீளமா ஒரே உயரத்துல இருந்தா சாவியோ காசோ வச்சு நடந்துக்கிட்டே இழுத்தது.

எங்க தெருவுல இதே பிரச்சனை இருந்துச்சு, அப்பா வண்டியிலதான் அடிக்கடி. நான் தேதி, நேரம், போட்டோனு போன்லயே குறிச்சு வச்சேன். கொஞ்ச நாள்ல தெரிஞ்சிடுச்சு, எப்பவும் சாயங்காலம் டியூஷன் விடுற நேரம், லீவு நாள்ல நடக்கவே இல்ல. அதுக்கப்புறம் அந்த நேரத்துக்கு வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டேன், லைட்டும் போட்டுட்டேன், அவ்ளோதான், பாதி குறைஞ்சிடுச்சு. ஒருநாள் அந்த டியூஷன் பசங்களையே கூப்பிட்டு, யாரு செஞ்சதுனு கேக்காம, "டேய் தம்பிங்களா, எங்கப்பாவுக்கு காலைல டயாலிசிஸ்டா, காத்து இல்லாம வண்டியைத் தள்ளிக்கிட்டு போறாருடா, யாராச்சும் கிட்ட வந்தா பாத்து சொல்லுங்கடா"னு சொன்னேன். ஒருத்தன் தலையைத் தொங்கப் போட்டுட்டான், இன்னொருத்தன் "சரிக்கா"ன்னான். காத்து புடுங்குறது அதோட நின்னுச்சு. பசங்களுக்கு அது வெறும் வண்டி, அது யாரோட வண்டின்னு சொன்னாதான் உறைக்கும்னு நான் முழுசா நம்புறேன்.

அடிச்சுடாதீங்க, தயவுசெஞ்சு. பக்கத்து தெருவுல ஒருத்தர் கோவத்துல ஒரு அறை விட்டுட்டாரு, பையனோட அம்மா நேரா ஸ்டேஷன் போயிட்டாங்க, கோடு போட்ட விஷயத்தை அங்க யாரும் கேக்கவே இல்ல, அடிச்சதுதான் கேஸ் ஆச்சு. ஐபிசிக்குப் பதிலா வந்த புது சட்டத்துல, பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 115(2), வேணும்னே காயப்படுத்தினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

கேமரா வைக்கிறதுனா உங்க கேட்டையும் வண்டியையும் மட்டும் பாக்குற மாதிரி வைங்க, எதிர்வீட்டு வாசலைப் பாத்து வச்சா அதுவே புதுசா ஒரு சண்டை. வீடியோ கிடைச்சா தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க. 18 வயசுக்குள்ள இருக்குற பையன் மேல போலீஸ் விசாரணைனு வந்துட்டா அவன் அடையாளம் தெரியுற மாதிரி வெளியிடுறதே குத்தம், சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. விசாரணை இல்லாட்டியும் அந்தப் புள்ளை அந்தத் தெருவுலதான் வளரணும்ங்க, 12 வயசுல திருடன் மாதிரி முத்திரை குத்துறது பெரிய பாவம்.

வீடியோவை அவங்க வீட்டுக்கே கொண்டு போங்க, அப்பா அம்மாவைத் தனியா கூப்பிட்டு, நாலு பேர் இல்லாத நேரமா பாத்து. உள்ள போனதும் வீடியோவை நீட்டாதீங்க, முதல்ல நடந்ததைச் சொல்லுங்க, அவங்க "எங்க புள்ளையா, இருக்காது"ன்னாங்கன்னா மட்டும் காட்டுங்க. பெயிண்ட் அடிச்ச பில்லு இருந்தா செலவைப் பாதியாச்சும் ஏத்துக்கச் சொல்லி கேளுங்க, அது நியாயம்தான்.

அப்படியும் நிக்கலைனா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டோம்னு குடுக்குற சீட்டு, வாங்கிக்கங்க. சின்னப் பசங்க செஞ்ச சின்னக் குத்தத்துக்கு பொதுவா எஃப்ஐஆர் போட மாட்டாங்க, பெத்தவங்களைக் கூப்பிட்டு வச்சுப் பேசுவாங்க, உங்களுக்கும் அதுதானே வேணும். போட்டோ, தேதி குறிச்ச லிஸ்ட், பில்லு எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு போங்க, வெறுங்கையோட போனா "பேசித் தீத்துக்கங்க"னு அனுப்பிடுவாங்க.