‘என்ஜின் வைத்து ஆடுகிறாய்’: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் ஆன்லைனில் செஸ் ஆடுபவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் 1400-ஐச் சுற்றியே நிற்கிறது. வேலை முடிந்தபின் பத்து நிமிட ஆட்டம் இரண்டு மூன்று ஆடுவேன். போன வாரம் இதுவரை ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் ஒன்று எனக்கு அமைந்தது. எச்7 கட்டத்தில் பிஷப்பைப் பலி கொடுத்து, எதிராளியின் ராஜாவை வெளியே இழுத்து, 22-வது நகர்த்தலில் செக்மேட் செய்தேன். கை நடுங்கியது. அடுத்த நொடி சாட்டில் வந்தது: “என்ஜின் வைத்து ஆடுகிறாய். ரிப்போர்ட் பண்ணிவிட்டேன். வெட்கமாக இல்லையா?” செஸ் மென்பொருளின் உதவியோடு ஏமாற்றுகிறேன் என்கிறார். நான் பதில் எழுதுவதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்போது நன்றாக ஆடினாலே பயமாக இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து, என்னைவிட 150 புள்ளி குறைவான ஒருவரிடம் தோற்றேன். அவருடைய ஒவ்வொரு நகர்த்தலும் சந்தேகத்துக்கு இடமானதாகவே தெரிந்தது. எனக்கு வந்த அதே வரியை அவருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

நான் ஏமாற்றவில்லை என்று எப்படி நிரூபிப்பது? தோற்கும்போது வரும் சந்தேகத்தை என்ன செய்வது? நான் பழி சொன்னவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? இரண்டு ஆட்டங்களையும் இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு ஆட்டங்களையும் முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்த்தேன். முதல் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சந்தோஷப்பட வேண்டிய ஆட்டம் அது. உங்கள் மேல் விழுந்த பழி அந்தச் சந்தோஷத்தை மறைத்துவிட்டது.

எச்7-ல் பிஷப்பைக் கொடுப்பது, ராஜா அதை வெட்டியதும் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து செக் சொல்வது, பின்னாலேயே ராணியை எச்5-க்கு இறக்குவது. இந்தத் தாக்குதலுக்கு வயது 400. கிரேக்கோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் 1620 வாக்கில் எழுதிவைத்த கையேடுகளிலேயே இது இருக்கிறது. புதிர்ப் பயிற்சிகளில் நீங்கள் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள், சமயம் வந்தபோது கண்ணில் பட்டது. அதுவும் சும்மா படவில்லை. பிஷப்பைத் தூக்குவதற்கு முன் ஒன்றே முக்கால் நிமிடம் எடுத்திருக்கிறீர்கள். பத்து நிமிட ஆட்டத்தில் அது பெரிய செலவு. அதற்கப்புறம் வந்தவை பெரும்பாலும் கட்டாய நகர்த்தல்கள். செக்குக்கு மேல் செக். வேறு வழியே இல்லாத இடத்தில் மனிதரும் என்ஜினும் ஒரே காயைத்தான் தொடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தளம் உங்களுக்குப் பெரிய துல்லிய சதவீதத்தைக் காட்டியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான். கூடவே ஒன்று: 10-வது நகர்த்தலில் ஒரு சிப்பாயை இலவசமாக விட்டிருக்கிறீர்கள், எதிராளி கவனிக்கவில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொல்லி நிரூபிக்க முடியுமா என்றால், முடியாது. முயலவும் வேண்டாம். திரையைப் பதிவு செய்து காட்டினால், பக்கத்தில் போன் வைத்திருந்தாய் என்பார். கேமராவைப் போட்டுக் காட்டினால், அந்தப் பக்கம் யாரோ இருந்தார் என்பார். ‘செய்யவில்லை’ என்பதற்கு ஆதாரம் தருவது யாருக்கும் கஷ்டம், முகம் தெரியாத ஒருவருக்குச் சாட் பெட்டியில் தருவது இன்னும் கஷ்டம். தளங்கள் ஒரே ஒரு ஆட்டத்தையோ ஒரே ஒரு புகாரையோ வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. ஒருவர் ஆடிய நிறைய ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், எந்த நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறார்கள், ஆளின் வழக்கமான தரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அங்கே உங்கள் ஆட்டங்கள் உங்களுக்காகப் பேசும். நீங்கள் பேச வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். சாதாரண போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் இன்று உலக சாம்பியனை வெல்லும். 2019-ல் இகோர்ஸ் ரௌசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர், ஸ்ட்ராஸ்பர்க் போட்டியின்போது கழிப்பறையில் போனோடு பிடிபட்டார். பட்டம் பறிபோனது, ஆறு வருடத் தடை விழுந்தது. 2021-ல் நிதி திரட்டுவதற்காக நடந்த ஓர் ஆன்லைன் நிகழ்ச்சியில் விஸ்வநாதன் ஆனந்தையே ஒரு தொழிலதிபர் கணினி உதவியோடு தோற்கடித்தார், பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் அதற்குச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பலகையில் இருந்த நிலையைப் பார்த்து நான் ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்றார். அவ்வளவுதான். ஆகவே தோற்றவர் மனதில் சந்தேகம் எழுவதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. அந்தச் சந்தேகத்தை எதிராளியின் முகத்தில் எறிவதுதான் குற்றம்.

ஏனென்றால் தோற்ற அந்த நிமிடத்தில் நம்மைவிட மோசமான நீதிபதி கிடையாது. செஸ்ஸில் பகடை இல்லை, சீட்டுக்கட்டு இல்லை, மழை இல்லை, நடுவரின் தவறான முடிவு இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே காய்கள், எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. தோற்றால் பழி போட வேறு எதுவும் கிடைப்பதில்லை, அதனால்தான் அந்த வலி இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. ‘என்ஜின்’ என்ற ஒரு சொல் அந்த வலியை உடனே நிறுத்திவிடும். நான் தோற்கவே இல்லை, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் ஆறிவிடும். ஆனால் அந்த ஆட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமும் அதோடு போய்விடும். எது தப்பாகப் போனது என்று தெரியாமலே அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்கிறோம், அதே இடத்தில் விழுகிறோம், இன்னொருவர் மேல் சந்தேகப்படுகிறோம். இப்படிச் சில மாதங்கள் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேட்டிங் போகட்டும், செஸ்ஸின் மேல் இருந்த ஆசையே போய்விடுகிறது.

பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் சோவியத்தின் ஸ்பாஸ்கியும் அமெரிக்காவின் ஃபிஷரும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்கள். ஸ்பாஸ்கி பின்தங்கியபோது, ஏதோ மின்னணுக் கருவியாலோ ரசாயனத்தாலோ அவரைப் பாதிக்கச் செய்கிறார்கள் என்று சோவியத் தரப்பு புகார் எழுப்பியது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். கிடைத்தவை செத்த ஈக்கள் இரண்டு. ஆனால் அதே போட்டியில் இன்னொன்றும் நடந்தது. ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் அற்புதமாக ஆடி வென்றபோது, அரங்கம் கைதட்டியது. தோற்ற ஸ்பாஸ்கியும் சேர்ந்து கைதட்டினார். உலகப் பட்டம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த மனிதர் எதிராளியின் ஆட்டத்தை ரசிக்கிறார். கௌரவமாகத் தோற்பது என்று யாராவது சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது இதுதான். மரியாதைக்காக ‘நல்ல ஆட்டம்’ என்று இரண்டு சொல் அடிப்பதல்ல. எதிரே இருப்பவரும் யோசித்தார், என்னைவிட ஆழமாக யோசித்தார் என்று உள்ளுக்குள் ஒத்துக்கொள்வது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது இரண்டாவது பத்தி. பழியால் தூக்கம் கெட்டவர், இரண்டே நாளில் அதே பழியை இன்னொருவருக்கு அனுப்புகிறார். இது நீங்கள் மட்டும் செய்வதல்ல. 2006-ல் எலிஸ்டாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று எதிராளி டோபலோவின் தரப்பு புகார் செய்தது. ஆட்டக்காரர்களின் தனிக் கழிப்பறையை மூடினார்கள். கிராம்னிக் ஆட மறுத்தார், ஐந்தாவது ஆட்டம் ஆடாமலேயே பறிபோனது. பிறகு பலகையில் வென்று பட்டத்தை எடுத்தார். ஆதாரமில்லாத சந்தேகம் ஒருவரை என்ன பாடு படுத்தும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. அதே கிராம்னிக்தான் 2023-லிருந்து ஆன்லைன் ஆட்டக்காரர்கள் பலர்மேல் பொதுவெளியில் சந்தேகம் கிளப்பினார். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுத்ததைக் கேள்வி கேட்டார். செஸ்.காம் தளம் ஆராய்ந்து, ஏமாற்றியதற்கான ஆதாரம் எதுவும் இல்லை என்றது. நகமுரா போல ஆயிரக்கணக்கில் பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடுகிறவருக்கு, அதுவும் தன்னைவிட ரேட்டிங் குறைந்தவர்களோடு ஆடும்போது, இப்படிப்பட்ட தொடர்கள் எப்போதாவது வரத்தான் செய்யும். அதை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் அதிசயமாகத்தான் தெரியும்.

கிராம்னிக் சந்தேகப்பட்டவர்களில் டேனியல் நரோடிட்ஸ்கியும் இருந்தார். செஸ்ஸை அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அன்பாகச் சொல்லிக்கொடுத்த கிராண்ட்மாஸ்டர். 2025 அக்டோபரில் 29 வயதில் இறந்துபோனார். அவர் இறப்புக்குக் காரணம் இதுதான் என்று முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய கடைசி ஒளிபரப்பில், தான் நன்றாக ஆட ஆரம்பித்தாலே மற்றவர்கள் தப்பாக நினைக்கிறார்கள் என்று வருத்தத்தோடு பேசினார். ‘நன்றாக ஆடினாலே பயமாக இருக்கிறது’ என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது நான் அதைத்தான் நினைத்தேன். சாட்டில் ஒரு வரி அடித்து என்டர் தட்டுகிறவருக்கு அது இரண்டு நொடி வேலை. வாங்குகிறவர் அதை எவ்வளவு தூரம் சுமப்பார் என்று அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, சந்தேகம் வரும்போது என்ன செய்வது? சாட் பெட்டியை மூடிவையுங்கள், முடிந்தால் நிரந்தரமாகவே மூடிவிடுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ரிப்போர்ட் பொத்தானை அழுத்துங்கள், பேசாமல் நகர்ந்துவிடுங்கள். அது அதற்காகவே இருக்கிறது. எதிராளி ஏமாற்றியது உறுதியானால் செஸ்.காமும் லிச்செஸ்ஸும் இழந்த ரேட்டிங்கைத் திருப்பித் தருகின்றன, ஆகவே நீங்கள் சண்டை போட்டு மீட்க வேண்டியது எதுவும் இல்லை. உடனே இன்னொரு ஆட்டத்துக்குப் போகாதீர்கள். கோபத்தோடு ஆடும் ஆட்டம்தான் ஒரே இரவில் 100 புள்ளியைக் கொண்டுபோகும். மறுநாள் அந்தத் தோல்வியை எடுத்து, முதலில் என்ஜினை அணைத்துவிட்டு, நீங்களே பாருங்கள். எந்த இடத்தில் ஆட்டம் கைமாறியது என்று ஒரு நகர்த்தலைக் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் என்ஜினைக் கேளுங்கள்.

கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 150 புள்ளி குறைந்தவரோடு நூறு ஆட்டம் ஆடினால், ரேட்டிங் கணக்கின்படி அவருக்கு அந்த நூறில் ஏறக்குறைய 30 ஆட்டப் புள்ளி வர வேண்டும். வராவிட்டால்தான் உங்கள் இரண்டு ரேட்டிங்கில் ஏதோ ஒன்று தப்பு. அவர் ஜெயித்ததில் விசித்திரம் எதுவுமில்லை.

உங்கள் இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் கறுப்பு. 18-வது நகர்த்தலில் உங்கள் ராணி தனியாகப் போய் பி2 சிப்பாயைச் சாப்பிட்டது. அவர் 50 நொடி யோசித்துவிட்டுக் குதிரையை ஏ4-ல் வைத்தார். ராணிக்குத் திரும்பி வர ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. அழகான நகர்த்தல், ஆனால் மனிதர் கண்டுபிடிக்கிற நகர்த்தல். 31-ல் அவருக்கு இரண்டே நகர்த்தலில் செக்மேட் இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. யானைகளை மாற்றிக்கொண்டு, சிப்பாயை மெதுவாக நகர்த்தி, இன்னும் 20 நகர்த்தல் கஷ்டப்பட்டு ஜெயித்தார். ஒவ்வொரு நகர்த்தலும் சந்தேகத்துக்கு இடமானது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 31-ஐ இன்னொரு முறை பாருங்கள்.

மன்னிப்பு அவசியம் கேட்க வேண்டும். நீளமாக எழுதாதீர்கள், உங்களுக்கு முதலில் நடந்ததைச் சொல்லிக் காரணம் காட்டாதீர்கள். ‘அன்று நான் எழுதியது தப்பு, மன்னியுங்கள். குதிரையை ஏ4-ல் வைத்தது அருமை’ என்றால் போதும். நகர்த்தலைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது முக்கியம், அவர் ஜெயித்ததை உங்கள் பழி கெடுத்த இடம் அதுதான். பதில் வராமல் போகலாம், வந்தாலும் கோபமாக வரலாம். அதற்குத் திரும்ப எதுவும் எழுத வேண்டாம்.

அப்புறம் அந்த பி2 சிப்பாய். நீங்கள் முதல் ஆட்டத்திலும் 14-வது நகர்த்தலில் ராணியை அதேபோல ஒரு சிப்பாய்க்காகத் தனியே அனுப்பி, எதிராளி கவனிக்காததால் தப்பித்திருக்கிறீர்கள். இது உங்களிடம் பழக்கமாகவே இருக்கிறது என்று படுகிறது. பழைய தோல்விகள் சிலவற்றை எடுத்து, ராணி எங்கே போய் மாட்டியது என்பதை மட்டும் தேடிப் பாருங்கள். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.